அடுப்படிக்கு ஒரு வானொலி

டித்வா புயலின் வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள். 2025 டிசெம்பர் முதல் வாரம். முந்தல் களப்பின் ஓரத்திலுள்ள ஒரு குடியிருப்பில் உலர் உணவுப் பொதிகளைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். மன்னார்ப் பக்கத்திலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்து வந்து, குத்தகை நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்து பிழைக்கின்ற குடும்பங்கள் அவை. வரிசையில் நின்ற ஒரு தாயாரிடம், "தண்ணி வரப்போகுதெண்டு முதலே தெரியாதா, உம்மா?" என்று கேட்டோம்.

"எங்கட வீட்டில றேடியோ இருக்குது பாதர். அவர் தோட்டத்துக்குக் காவலுக்குப் போகேக்க அதைக் கொண்டுபோயிட்டார். கறண்டும் இல்ல, போனும் செத்துப்போச்சு. தண்ணி படிக்கட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், "எங்கட வீட்டில நீங்க தந்த றேடியோதான் பாதர் இருந்தது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எமக்கு விளங்கியது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் நன்கொடைப் பணத்தைக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய வானொலிப் பெட்டிகளை வாங்கிப் பகிர்ந்தோம். விளக்கு உண்டு, பாட்டு அட்டை போடும் துளை உண்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது போல வயர் கொடுத்துச் சார்ஜ் செய்யலாம். பார்க்க அழகாக இருந்தன. ஓராண்டுக்குள் உள்ளே இருந்த பற்றரிகள் பலவற்றில் வீங்கிவிட்டன. அதே அளவுப் பற்றரி கிராமத்துக் கடையில் இல்லை, புத்தளம் நகரத்திலும் தேடித்தான் எடுக்க வேண்டும். எடுத்தாலும் மாற்றுவதற்குத் திருகாணியைக் கழற்றி, வயரைப் பற்றாசு வைத்து ஒட்ட வேண்டும். புயலன்று அவை வெறும் பெட்டிகள். அவற்றைத் தெரிவு செய்தவர்கள் வேறு யாருமல்லர், நாமே. கடையில் விலையையும் நிறத்தையும் பார்த்தோமே தவிர, ஒன்றையாவது திருப்பிப் பின்மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அந்தத் தவறை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காலத்தில் வானொலியா என்று சிலர் கேட்பார்கள். வீட்டுக்கு இரண்டு கைத்தொலைபேசி இருக்கும் காலம் இது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் எல்லாம் வருகிறது. ஆனால் கைத்தொலைபேசி தனியாக உயிர் வாழும் பொருள் அல்ல. அது பேசுவதற்கு ஒரு கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் கோபுரத்தின் அடியிலுள்ள பற்றரிகள் சில மணி நேரம் தாங்கும். ஜெனரேற்றருக்கு எண்ணெய் கொண்டு போகும் வீதி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. டித்வாவின்போது நாட்டின் பல பகுதிகளில் நடந்தது இதுதான். தெதுறு ஓயாவும் மீ ஓயாவும் கலா ஓயாவும் பெருக்கெடுத்த அந்த நாட்களில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று அறிய முடியாமல் தவித்ததை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களை அந்தப் புயல் கொண்டுபோனது.

மின்சாரத்தைப் பற்றி எமது கரையோர மக்கள் கசப்போடு சிரிக்க உரிமை உள்ளவர்கள். நாட்டின் மிகப் பெரிய அனல் மின்நிலையம் எமது நுரைச்சோலையில்தான் நிற்கிறது. 2011இல் முதலாவது பிரிவும் 2014இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கின, மொத்தம் 900 மெகாவாற். அதற்குக் காணி கொடுத்து இடம்மாறிய குடும்பங்களும் எம்மிடையே உண்டு. 2020 ஓகஸ்ட் 17இலும் 2025 பெப்ரவரி 9இலும் நாடு முழுவதும் இருண்டபோது, புகைபோக்கியை வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே எமது மக்களும் இருட்டில் இருந்தார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். எனவே மின்சாரம் வரும் என்று நம்பி ஓர் எச்சரிக்கை முறையைக் கட்டுவது, மணலில் அத்திவாரம் போடுவது போன்றது. கற்பிட்டி மணலில் கிணறு கட்டியவர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும்.

சிறிய டிரான்சிஸ்டர் ஒன்றுக்கு வேண்டியது இரண்டு பற்றரி மட்டுமே. ஒலிபரப்பும் நிலையம் நூறு மைலுக்கு அப்பால் இருக்கலாம், உமது ஊர்க் கோபுரம் சாய்ந்திருக்கலாம், அது பற்றி அதற்குக் கவலையில்லை.

இதை எமக்குக் கற்றுத் தந்தது பள்ளிக்கூடம் அல்ல. வடக்கில் 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மின்சாரம் நின்றபோது எமக்குப் பத்து வயது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. தப்பித் தவறி ஒன்று கிடைத்தால் அதன் விலை ஒரு நாள் கூலியை விழுங்கும். அப்போது எங்கள் ஊரில் செய்ததை அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து வானொலிக்குக் கொடுப்பார்கள். இரவு ஒன்பதேகால் மணிக்கு லண்டனிலிருந்து தமிழோசை வரும். பெடலைச் சுற்றுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. கை சோர்ந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து போகும். உடனே பெரியவர்கள், "டேய், சுத்தடா!" என்று அதட்டுவார்கள். எந்த இடத்தில் என்ன நடந்தது, எந்தப் பாதை திறந்தது, எது மூடியது என்பதை அந்தச் சுற்றலில்தான் அறிந்தோம். ஓய்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைப்பதும், அடியில் துளையிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் அன்று வீட்டுக்கு வீடு நடந்த வைத்தியங்கள். இன்று அவற்றைச் செய்ய வேண்டாம் என்று பின்னால் சொல்லப்போகிறோம்.

அதே 1990இன் ஒக்ரோபர் இறுதியில்தான் மன்னார்த் தீவிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கின. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எந்தப் பக்கத்தால் இடம்பெயர்ந்தவரானாலும், செய்தி என்ற ஒன்று அவருக்கு அரிசிக்கு அடுத்த பொருள். விட்டுவந்த ஊரின் நிலை என்ன, திரும்பிப் போகலாமா, காணிப் பதிவு எப்போது, நிவாரண அட்டை எங்கே என்பவற்றை அறியாதவர், பிறர் சொல்வதைக் கேட்டு அலைய வேண்டியவராகிறார்.

எதை வாங்குவது

கடைக்குப் போனால் முதலில் செய்ய வேண்டியது பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது. பின்மூடியைக் கையால் திறக்க முடிய வேண்டும். உள்ளே போடுவது உங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் மெழுகுதிரிக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில் தொங்கும் பற்றரியாக இருக்க வேண்டும். அதாவது பென்ரோர்ச் பற்றரி, அல்லது பெரிய ரோர்ச் பற்றரி. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சார்ஜ் ஏற்றும் வசதியும் கூடவே இருந்தால் நல்லது. அது மட்டும் இருந்தால் எமது நூறு பெட்டிகளின் கதைதான்.

பெரிய ரோர்ச் பற்றரி போடும் பெட்டி கொஞ்சம் பாரமாக இருக்கும். ஆனால் ஒரே வகைப் பற்றரிகளில், பெரியதற்குள் பென்ரோர்ச் பற்றரியை விட ஐந்து மடங்குக்கும் மேலான சக்தி அடங்கியிருக்கிறது. விலை ஐந்து மடங்கு இல்லை. வீட்டில் ஓரிடத்தில் வைத்துக் கேட்பதற்கு அதுதான் சிக்கனம். அல்கலைன் என்று எழுதிய பற்றரி விலை கூடியது, ஆனால் நீண்ட நாள் நிற்கும், அலுமாரியில் வைத்தாலும் ஆண்டுக்கணக்கில் கெடாது. புயலுக்கென்று ஒதுக்கி வைப்பதற்கு அதையே வாங்குங்கள். அன்றாடம் பாட்டுக் கேட்பதற்குச் சாதாரணப் பற்றரி போதும்.

அடுத்தது அலைவரிசை. இன்று சூரியன், சக்தி, வசந்தம், அரசாங்கத்தின் தென்றல் என்று நாம் கேட்பவை எல்லாம் எவ்.எம். என்ற பண்பலையில் வருபவை. பண்பலை ஏறக்குறைய கண் பார்வை போன்றது. கோபுரத்துக்கும் உங்களுக்கும் இடையில் தடையில்லாமல் இருந்தால் தெளிவாகக் கேட்கும். எமது கரை தட்டையானது, அது ஒரு கொடை. ஆனால் கோபுரங்கள் தூரத்தில் இருப்பதால் கற்பிட்டிக் குடாவின் சில இடங்களில் இரைச்சலே மிச்சம். மத்திய அலை வேறு மாதிரி. நிலத்தையும் கடலையும் தழுவிக்கொண்டு நெடுந்தூரம் போகும், உப்பு நீரின் மேல் இன்னும் நன்றாகப் போகும். தூத்துக்குடி, திருநெல்வேலி நிலையங்களைக் கேட்டு வளர்ந்த கரை இது. உலகெங்கும் மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன என்பது உண்மையே. இருந்தாலும் பண்பலைக் கோபுரம் சரிந்த நாளில் கடலுக்கு அப்பாலிருந்தாவது ஒரு தமிழ்க் குரல் வருவதற்கு அந்த வழி திறந்திருக்கட்டும். பண்பலையும் மத்திய அலையும் உள்ள பெட்டியையே வாங்குங்கள்.

சிற்றலைக்கு, அதாவது முன்பு லண்டனும் மணிலாவும் கேட்ட அலைக்கு, இனிமேல் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30உடன் நின்றது. எமது மக்கள் பலர் கடிதம் எழுதி மகிழ்ந்த வேரித்தாஸ் 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. இணையம் உள்ளவர்க்கு அது வளர்ச்சி. முகாமிலும் வாடியிலும் இருந்து கேட்டவருக்கு அது கதவடைப்பு. இதை அப்போதே உரத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டோம்.

வட்டத்தைத் திருப்பி நிலையம் பிடிப்பதா, எண் காட்டும் பெட்டியா? வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குத் திருகு உள்ளதே நல்லது. பற்றரியைக் கழற்றிப் போட்டாலும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். நிலையம் இருக்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் அந்தப் புள்ளிக்குத் திருப்புவார். எண் காட்டும் பெட்டிகள் சிலவற்றில் பற்றரி மாற்றியதும் நினைவு அழிந்து, எல்லா நிலையத்தையும் புதிதாகத் தேடச் சொல்லும். நள்ளிரவில், மழையில், மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த வேலை யாருக்கு வேண்டும்?

கையால் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் பெட்டிகளும் சோலர் தகடு பதித்த பெட்டிகளும் வருகின்றன. ஆபிரிக்காவில் பற்றரி வாங்க முடியாதவர்களும் கேட்க வேண்டும் என்று, இங்கிலாந்தின் ட்ரெவர் பெய்லிஸ் என்பவர் 1990களின் தொடக்கத்தில் சுருள்வில்லை முறுக்கி இயக்கும் வானொலியை அமைத்தார். நல்ல எண்ணம், நல்ல பொருள். இன்று மலிவாக வருபவற்றில் உள்ளே இருப்பது ஒரு சிறிய மீள்சார்ஜ் பற்றரிதான். அது செத்தால் கைப்பிடியைச் சுற்றிப் பயனில்லை. தகடும் தீப்பெட்டி அகலம். நாள் முழுவதும் வெயிலில் வைத்தாலும் கொஞ்சமே ஏறும். சாதாரணப் பற்றரி போடும் இடமும் இருந்தால் வாங்கலாம். அது இல்லாமல் கைப்பிடி மட்டும் என்றால் வேண்டாம். சைக்கிள் பெடலைச் சுற்றிய கை இதைச் சொல்கிறது.

கடையில் வைத்தே போட்டுப் பாருங்கள். பற்றரியைப் போட்டு, ஒலியை மிகக் குறைத்து, ஒரு மனிதர் பேசும் நிகழ்ச்சியைக் கேளுங்கள். பாட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். பேச்சு தெளிவாக இருக்கிறதா என்பதுதான் சோதனை. ஏரியலை நீட்டி மடக்கிப் பாருங்கள். பற்றரிப் பெட்டிக்குள் உள்ள வில் துரு இல்லாமல் மினுங்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

புதிது வாங்க வழியில்லாதவர்களுக்கு ஒன்று: சின்ன பட்டன் போன்கள் பலவற்றில் எவ்.எம். உள்ளே இருக்கிறது. காதில் மாட்டும் வயரே அதற்கு ஏரியல். கோபுரத் தொடர்பு இல்லாவிட்டாலும், சிம் இல்லாவிட்டாலும் அது பாடும். பரணில் கிடக்கும் பழைய போனை எடுத்துப் பாருங்கள். ஊரில் முச்சக்கர வண்டி வைத்திருப்பவர்களிடமும் வானொலி உண்டு. ஆபத்து நேரத்தில் அது ஊர்ப் பொது வானொலியாகலாம். ஆனால் வண்டி வாடகைக்குப் போகாத நேரத்தில் மட்டுமே.

வாங்கியபின்

எமது கரையில் வானொலியைக் கொல்வது மழை அல்ல, உப்புக் காற்று. பற்றரி பெட்டிக்குள்ளேயே கிடந்து கசிந்து, வில்லில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, "பெட்டி பழுதாப்போச்சு" என்று எறிந்தவை எத்தனையோ. அநேகமாக அவை பழுதே இல்லை. அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சில் சில துளி தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடைத்து, ஈரத்தை ஒற்றிக் காயவைத்து, தீட்டுத்தாளால் மெதுவாக உரசினால் பெரும்பாலும் உயிர் வரும். கையில் பட்டதைக் கழுவிவிடுங்கள். நாளாந்தம் கேட்காத பெட்டியிலிருந்து பற்றரியைக் கழற்றி, மூடி இறுக்கமான பிஸ்கட் ரின்னில் போட்டு, பெட்டியையும் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள், புதியதைப் பழையது குடித்துவிடும். ஓய்ந்த பற்றரியைச் சூடாக்குவது, துளைப்பது, அடுப்பில் போடுவது வேண்டாம். வெடித்துக் கண்ணில் பட்டால் பார்வை போகும். தடைக்காலத்தில் செய்தோம் என்றால் வேறு வழி இருக்கவில்லை. கிணற்றடியிலும் தோட்டத்து மணலிலும் எறிய வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். கற்பிட்டியின் நன்னீர் மணலுக்குள் சில அடிக்குக் கீழேதான் நிற்கிறது.

மத்திய அலையில் கேட்கும்போது ஏரியலை நீட்டுவதால் பயனில்லை. அதற்கான ஏரியல் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. பெட்டியையே மெதுவாகச் சுழற்ற வேண்டும், ஏதோ ஒரு திசையில் குரல் எழும்பும். எல்.ஈ.டி. பல்பும் போன் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் வரும், தள்ளி வையுங்கள். மின்சாரம் நின்ற இரவில் மத்திய அலை தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புயல் நேரத்தில் இரவு பகலாக ஓடவிட வேண்டாம். மணிக்கொரு முறை, செய்தி வரும் நேரத்தில் பத்து நிமிடம், குறைந்த ஒலியில். ஒருவர் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். சிறிய பெட்டி என்றால் இந்த முறையில் இரண்டு பென்ரோர்ச் பற்றரி ஒரு கிழமைக்கு மேல் தாங்கும்.

யார் கையில் இருக்கிறது

இனி அந்தத் தாயார் சொன்னதற்கு வருவோம். பெட்டி நல்லதாக இருந்தது, பற்றரி இருந்தது, ஒலிபரப்பும் இருந்தது. ஆனால் வீட்டில் அது இல்லை. எமது பக்கத்தில் வானொலி ஆண்களின் பொருள். தோட்டத்துக் குடிசையில், வள்ளத்தில், தேநீர்க் கடையில் அது பாடும். வீட்டில் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் இருப்பவளுக்கு, அவர் வந்து சொன்னால்தான் செய்தி.

இதைச் சின்ன விடயம் என்று நினைக்கக் கூடாது. வங்காள தேசத்தில் 1970 நவம்பரில் வீசிய புயல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது என்று கணக்கிடுகிறார்கள். அதன்பின் 1972இல் அங்கே செஞ்சிலுவையினரும் அரசும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். கரையோரக் கிராமங்களில் தொண்டர் குழுக்களை அமைத்து, அவர்கள் கையில் டிரான்சிஸ்டர் வானொலியும் கைச்சைரனும் ஒலிபெருக்கிக் குழலும் கொடுத்தார்கள். வானொலியில் எச்சரிக்கை வந்ததும் அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் எத்தனையோ இலட்சம் உயிர்களைக் காத்திருக்கிறது. அப்படியிருந்தும் 1991 ஏப்ரல் 29 இரவில் மீண்டும் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். கணவர் வந்து சொல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்படத் தயங்கியது அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அங்கே பெண் தொண்டர்களைச் சேர்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

எனவே எமது கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். வீட்டுக்கு ஒரு வானொலிதான் வாங்க முடியும் என்றால் அதன் இடம் அடுப்படி. காலையில் தேநீர் வைக்கும் நேரத்திலும் இரவு சோறாக்கும் நேரத்திலும் செய்தி அவள் காதில் விழட்டும். தோட்டக் காவலுக்குப் போகிறவர் பாட்டில்லாமல் ஓரிரவு விழித்திருக்கலாம். கமக்காரச் சகோதரர்கள் சிலர் இதை வாசித்துவிட்டுப் பங்குமனைக்குச் சண்டைக்கு வருவார்கள் என்று எமக்குத் தெரியும். வரட்டும், தேநீர் தருவோம்.

உதவி நிறுவனங்களுக்கும் இதே சொல். பெட்டியைக் குடும்பத் தலைவரின் பெயரில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறோம். 2022இல் நாமும் அப்படித்தான் கொடுத்தோம். வீட்டிலிருக்கும் பெண்ணின் கையில் கொடுத்து, பற்றரி மாற்றவும் நிலையம் பிடிக்கவும் அவளுக்கே காட்டித் தந்திருந்தால், குறைந்தது பெட்டி செத்த செய்தியாவது புயலுக்கு முன் எமக்கு வந்திருக்கும்.

பெட்டியைச் சரியாகத் தெரிவு செய்து, சரியான இடத்தில் வைத்து, பற்றரியும் போட்டுவிட்டோம். அது என்ன சொல்லப்போகிறது? அதுதான் அடுத்த வேதனை. வளிமண்டலவியல் திணைக்களம் "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு" என்று தினமும் சொல்கிறது, மீனவருக்கு அது போதும். கமக்காரருக்குப் போதாது. இராஜாங்கனை வான்கதவு திறக்கப்படுகிறதா, இங்கினிமிட்டியவில் எத்தனை கதவு, தெதுறு ஓயாத் தேக்கத்திலிருந்து வரும் தண்ணீர் எந்த ஊரை எத்தனை மணிக்கு எட்டும் என்பவை ஊர்ப் பெயரோடு, தமிழில், அதே மணி நேரத்தில் வேண்டும். டித்வாவின்போது அரச அறிவித்தல்கள் தமிழில் பிந்தி வந்தன, சில வேளை வரவே இல்லை என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. எமது மக்களும் அதையே சொன்னார்கள். சிங்களம் விளங்கிய பிள்ளை வீட்டில் இருந்த குடும்பம் முதலில் எழுந்து நடந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம் என்பார்கள், போன் வேலை செய்தால்.

இது செய்ய முடியாத காரியம் அல்ல. இதே நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து புதிய குடியேற்றங்களுக்குப் போன கமக்காரருக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. நிகழ்ச்சி செய்பவர்கள் கிராமங்களில் தங்கி, மக்களையே பேசவைத்துப் பதிவு செய்தார்கள். கொத்மலை நீர்த்தேக்கத்தில் ஊரிழந்த மக்களுக்காக 1989இல் கொத்மலையில் ஒரு சிறிய நிலையம் எழுந்தது. எமது புத்தளக் கரையில் 1990இலிருந்து பல்லாயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தோர் வாழ்ந்தும் அப்படியொரு தமிழ்க் குரல் எமக்கென்று கிடைக்கவில்லை. புத்தளத்தில் சக்திவாய்ந்த மத்திய அலை ஒலிபரப்பி இல்லாமலும் இல்லை. 882 கிலோஹேர்ட்ஸில் இந்தியாவை நோக்கிச் சமய நிகழ்ச்சிகளை அது பல ஆண்டுகளாக அனுப்பி வந்திருக்கிறது. எமது மண்ணில் நின்ற கோபுரம் கடல் தாண்டிப் பேசியது. மீ ஓயாவில் வரும் தண்ணீரைப் பற்றி எமக்குச் சொல்ல ஒன்றும் எழவில்லை.

இதற்கு அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. நாம் கேட்டதில்லை. வீடு கேட்டோம், கிணறு கேட்டோம், பாதை கேட்டோம். பிரதேச செயலகத்தில் நடக்கும் கூட்டங்களில் எமது கமக்காரர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதையும் எழுத்தில் கேட்க வேண்டும்: ஆபத்து நேரத்தில் மணிக்கொரு முறை, தமிழிலும் சிங்களத்திலும், ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் சொல்லி, இன்ன அலைவரிசையில் அறிவிப்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கடிதத்தை எழுத உதவி வேண்டுமானால் எமது அலுவலகத்துக்கு வாருங்கள். 2022இல் எம்மிடம் பெற்ற பெட்டிகளையும் கொண்டு வாருங்கள். சாதாரணப் பற்றரி போடக்கூடியதாக அவற்றை மாற்ற முடியுமா என்று றேடியோ திருத்தும் ஒரு தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டை மாற்றிவிட்டார்; மூன்றாவதில் வயர் எரிந்தது.

முந்தல் களப்போரத்துத் தாயாரைச் சென்ற மாதம் மறுபடி கண்டோம். கணவர் தோட்டத்துக்கென்று ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருக்கிறார். பழையது அடுப்படிச் சுவரில், நீர்மட்டம் வந்து நின்ற கறைக்கு ஒரு முழம் மேலே, ஆணியில் தொங்குகிறது. பற்றரி எங்கே என்று கேட்டோம். "ரின்னுக்குள்ள இருக்குது பாதர். பேரன் எடுத்து விளையாட்டுக் காருக்குப் போடப் பார்க்கிறான்" என்றார்.